ஷீட்டில் கை வைக்கும் முன்

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் நலம். எனக்கு மூட்டுவலி நன்றாகவே குறைந்திருக்கிறது, காலையில் பழையபடி நடக்கப் போகிறேன். மற்ற கதைகளைச் சாவகாசமாக எழுதுகிறேன். கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, அதற்கு உடனே பதில் சொல்லியாக வேண்டும்.

அப்பா கட்டிய வீட்டைப் புதுப்பிக்கிறோம், பின்பக்கத்துக் கூரையின் பழைய ஷீட்டை லீவு நாளில் நானும் தம்பியும் உடைத்து இறக்கிவிடுவோம் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அதை நிறுத்திவை. அது ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார் கலந்த ஷீட்டாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இத்தனை வருஷம் அது தலைக்கு மேல் சும்மா கிடந்ததில் வந்திருக்கக்கூடிய ஆபத்து மிகக் குறைவு. ஒரே நாளில் சுத்தியலால் உடைத்தால் வரும் ஆபத்து அதைவிடப் பல மடங்கு.

காரணம் எளிது. அந்த ஷீட்டில் பெரும்பங்கு சிமெண்ட். கல்நார் சுமார் 10 முதல் 15 சதவீதம். சிமெண்ட் அதை இறுக்கிப் பிடித்துவைத்திருக்கும்வரை நார் காற்றில் கலப்பது குறைவு. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துளை போடும்போதும்தான் அது விடுபடுகிறது. உடைந்த ஷீட்டின் ஓரத்தை வெளிச்சத்தில் பார்த்தால் சாம்பல் நிற சிமெண்டுக்குள்ளிருந்து பூனைமுடி போல இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரிகிற அந்தக் கற்றையைக்கூட விட்டுவிடலாம். அது பிரிந்து பிரிந்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளாகிக் கண்ணுக்கே தெரியாமல் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். அதுதான் நுரையீரலின் அடிவரை போகிறது. உடம்பின் துப்புரவு அணுக்கள் அந்த நீளமான நாரை விழுங்க முடியாமல் தோற்றுப்போகின்றன. நார் அங்கேயே தங்கிப் புண்ணாக்கிக்கொண்டே இருக்கும்.

இதில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது, அன்றைக்கு ஒன்றுமே தெரியாது என்பதுதான். உடனே மூச்சுத் திணறாது. பலருக்கு இருமல்கூட வராது. ஒரு கட்டட வேலையில் கிரைண்டர் வைத்துப் பழைய கல்நார் குழாயை அறுத்துக்கொண்டிருந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். இடமே வெள்ளைப் புகையாக இருந்தது. அறுத்து முடித்ததும் ஒரு பையன் துடைப்பத்தை எடுத்து அந்தத் தூளை உலர உலரப் பெருக்கினான். சொல்லிப் பார்த்தேன். "இத்தனை வருஷமாச் செய்யறோம் சார், ஒண்ணும் ஆகல" என்றார் மேஸ்திரி. அவர் பொய் சொல்லவில்லை. நுரையீரல் புற்றுநோயோ, நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயோ தலைகாட்டப் பெரும்பாலும் 20 முதல் 40 வருஷம் ஆகும். அதற்குள் அந்த மேஸ்திரி எங்கே, அந்தப் பையன் எங்கே, யார் கணக்கு வைக்கப் போகிறார்கள்?

தொழிலாளிகளோடும் இது நிற்பதில்லை. 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் பலர் கல்நார்ச் சுரங்கத்துக்குள் போனவர்களே இல்லை, சின்ன வயதில் அதன் பக்கத்தில் வாழ்ந்தவர்கள். கணவனின் வேலைத் துணியை உதறித் துவைத்ததாலேயே நோய் வந்த பெண்களும் உண்டு. பிரிட்டன் 1999-இலும் ஆஸ்திரேலியா 2003 கடைசியிலும் கல்நாரை முழுக்கத் தடை செய்தன. தடைக்கு முன் கட்டிய வீடுகளில் அது இன்றும் இருக்கிறது. சில நாடுகளில் இன்னும் புதிதாகவே விற்கிறார்கள்.

ஆகவே முதலில் அது கல்நார்தானா என்று தெரிந்துகொள். கண்ணால் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு சின்னத் துண்டைப் பரிசோதனைக்கூடத்தில் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்வார்கள். அந்தத் துண்டையும் பழக்கமுள்ளவரே எடுக்கட்டும். முடிவு தெரியும்வரை கல்நார் என்றே வைத்துக்கொள்.

ஷீட் விரிசல் இல்லாமல் உறுதியாக இருந்தால், அதை எடுத்தே ஆக வேண்டுமா என்றும் யோசி. மேலே பூச்சு அடித்தோ, அதைத் தொடாமல் மேலே வேறு கூரை போட்டோ விட்டுவிடலாம். பாசியைச் சுரண்டுகிறேன் என்று கம்பி பிரஷ்ஷையோ அழுத்தத் தண்ணீரையோ மட்டும் கொண்டுபோகாதே. எடுப்பதென்று முடிவானால் பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடு. பல நாடுகளில் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று கூடவே கவனி. ஷீட்டை நன்றாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும், மேலிருந்து தள்ளிவிடக் கூடாது. தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கலந்தால் நன்றாக ஊறும். இறக்கியதைத் தடித்த பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, கல்நார் என்று எழுதி ஒட்டி, அதற்கென்று உள்ள இடத்துக்கே அனுப்ப வேண்டும். மற்றக் குப்பையோடு கலந்தால் எங்கேயோ யாரோ அதை மறுபடி உடைப்பார்கள்.

சிதறியதை ஈரத்துணியால் துடைத்து, துணியையும் அந்தப் பொட்டலத்திலேயே போட்டுவிடு. வீட்டு வாக்குவம் கிளீனர் நாரை ஒருபக்கம் உறிஞ்சி மறுபக்கம் காற்றில் ஊதிவிடும். துணி மாஸ்க்கும் ஆஸ்பத்திரி மாஸ்க்கும் இதைத் தடுக்காது. நுண்தூசியை வடிகட்டும் பி100 அல்லது எஃப்எஃப்பி3 வகை மாஸ்க் வேண்டும், அதுவும் முகத்தில் இடைவெளியில்லாமல் படிய வேண்டும். தாடி இருந்தால் படியாது.

இன்னொன்று, கூரைமேல் யாரும் ஏற வேண்டாம். பழைய ஷீட் பார்க்கக் கல் மாதிரி இருக்கும், காலை வைத்தால் பட்டென்று விட்டுவிடும். நோய் வர வருஷங்கள் ஆகலாம், கீழே விழ ஒரு நொடி போதும்.

வீட்டுக்குள்ளும் ஒரு நோட்டம் விடு. பழைய வினைல் தரை ஓடுகள், அவற்றுக்கு அடியிலுள்ள கருப்புப் பசை, ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னாலுள்ள பலகை, மழைநீர்க் குழாய் இவற்றிலெல்லாம் இருக்கலாம். தரை ஓட்டைத் தேய்க்காமல் அதன் மேலேயே புதியதைப் பதித்துவிடலாம். சுடுதண்ணீர்க் குழாயைச் சுற்றிய பழைய உறை இருந்தால் அந்தப் பக்கமே போகாதே. அதில் நாரைப் பிடித்துவைக்க சிமெண்ட் கிடையாது, தொட்டாலே உதிரும்.

தம்பி இன்னும் சிகரெட் பிடிக்கிறானா? பிடித்தால் இதில் அவனைச் சேர்க்கவே சேர்க்காதே. புகையும் கல்நாரும் சேரும்போது நுரையீரல் புற்றுநோய் ஆபத்து, இரண்டையும் தனித்தனியாகக் கூட்டினால் வருவதைவிட அதிகம். அவனிடம் நான் கேட்டதாகவே சொல்.

அந்த வீட்டில் இத்தனை காலம் இருந்தோமே என்று அக்கா பயப்பட்டால் தைரியம் சொல். எவ்வளவு தூசி, எத்தனை நாள் என்பதைப் பொறுத்துத்தான் ஆபத்து கூடும். உடையாத கூரைக்குக் கீழே வாழ்ந்ததையும் அறுத்துத் தூளாக்கியதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஷீட்டைத் தரையில் நின்றபடியே நாலு பக்கமும் படமெடுத்து அனுப்பு. கம்பெனி பெயரோ வருஷமோ அச்சாகியிருந்தால் அதையும் எழுது. உன் வீட்டு வேலை பார்க்கும் மேஸ்திரியின் நம்பரையும் அனுப்பு, நானே பேசிவிடுகிறேன்.

அன்புடன்,
மூர்த்தி