ரஷ்யக் கவிதையும் வெற்றிடமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மொழிபெயர்ப்புக் கவிதைகளை அச்சிடும்போது இடம் மிச்சம்பிடிக்க வரிகளை நெருக்காதீர்கள். மாஸ்கோ கவிஞர் லெவ் ரூபின்ஸ்தைன் (1947–2024) நூலகராக இருந்தவர். 1970களிலிருந்து நூலக அட்டைகளில் எழுதி, ஒவ்வொன்றாகப் புரட்டி வாசித்தார். அட்டைக்கு அட்டை குரல் மாறும். ‘நான்’ ஓரிடத்தில் குடியிருக்காது. அச்சில் அட்டைகளுக்கு எண் உண்டு. எண்ணை எடுத்துவிட்டு ஒரே பத்தியாக்கினால் பல குரல்கள் ஒருவரின் புலம்பலாகிவிடும்.

ரஷ்யாவின் சுவாஷிய இனக் கவிஞர் கென்னாடி ஐகியிடம் (1934–2006) வயல், காடு, வெண்மை. சொல்லைச் சூழ்ந்த வெற்றுத்தாளும் கவிதைதான்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையான லயக் காம்பராவை எழுதும் நம் இளையவர்களுக்கு ரூபின்ஸ்தைனே முதலில் உதவுவார். பக்கத்துக் காம்பராப் பேச்சு சுவர் தாண்டிக் கேட்கும் வீட்டை ஒற்றைக் குரலில் எழுதுவது, என் கணிப்பில், வீண்வேலை.

இலக்கிய வாசகர்,
ஹட்டன்