'முதல் இந்தியப் பிஷப்' என்ற ஒற்றை வரி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான தென்னிந்தியத் திருச்சபை வரலாற்றுக் கட்டுரை, கால்டுவெல்லுக்குப் பல பத்திகளை ஒதுக்கிவிட்டு, அதே நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவை 'முதல் இந்திய ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) பிஷப்' என்ற ஒற்றை வரியில் கடந்துவிட்டது.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் அபிஷேகம் பெற்றது உண்மையே. ஆனால், இந்தியர் ஒருவருக்குக் கீழே பணிசெய்வதா என்று முகம் சுளித்த ஐரோப்பிய மிஷனரிகளை மீறி, சென்னை பிஷப் ஹென்றி வைட்ஹெட் விடாப்பிடியாக நின்றதால்தான் அது கைகூடியது. பிற்காலத்தில் இந்தியர் சிலர் துணைப் பிஷப்புகளாக அமர்த்தப்பட்டபோதிலும், 1945 ஜனவரி 1 அன்று அசரியா மறையும்வரை, மறைமாவட்டம் ஒன்றைத் தம் பொறுப்பில் நடத்திய இந்தியர் அவர் ஒருவரே. 32 ஆண்டுகள் இரண்டாமவருக்கு வழிவிடாத சபை, முதலாமவரைக் காட்டிப் பெருமை கொண்டாடுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் இடையிலான இந்த இடைவெளியை அவரே முன்னதாகச் சுட்டியிருந்தார். 1910-இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில், ஏழைகளுக்கு உடைமைகளையும் உயிரையும் தந்தவர்கள் நீங்கள், எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று மேலைநாட்டவரின் முகத்துக்கு நேரே கேட்டவர் அவர். அரங்கில் பலருக்கு அது கசந்தது.

அவரது மறைமாவட்டத்தின் தலைமையிடமாக இருந்த, ஹைதராபாத் நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல்லில் (இன்றைய தெலங்கானா) அவர் ஆற்றிய பணியைக் கட்டுரை தொடவேயில்லை. தமிழரான அவர் தெலுங்கு கற்று, மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்று, பெரும்பாலும் மாலா, மாதிகா எனும் தலித் மக்களிடையே சபைகளை வளர்த்தார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் தலைமேல் கைவைத்து, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்று சொல்வதை வழக்கமாக்கினார். ஊதியம் பெறும் உபதேசியாரை மட்டும் நம்பியிராத சபை அவ்வாறுதான் உருவானது. 1939-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட தோர்ணக்கல் பேராலயத்தில் கோதிக் கூர்முனைக் கோபுரத்தைத் தேடுபவர் ஏமாந்துபோவார். அங்கே இருப்பவை குவிமாடங்களும், கோயில் மண்டபத்தை ஒத்த தூண்களும்.

மதமாற்றம் குறித்துக் காந்தியடிகள் அவரோடு கடுமையாக முரண்பட்டார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதே அசரியாதான் கிறிஸ்தவர்கள் மட்டுமே வாக்களிக்கும் தனித் தொகுதி வேண்டாம் என்று, தம் சமூகத்துக்குக் கிடைக்கவிருந்த சலுகையையே எதிர்த்தார். இவ்விரண்டையும் ஒருசேர ஆராயும் கட்டுரையொன்றைத் தாங்கள் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.