போன் பெட்டியில் அந்தத் தேதி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரமாக வாசகர் கடிதப் பகுதியில் நடக்கும் ஐபோனா ஆண்ட்ராய்டா சண்டையை ஒன்று விடாமல் படித்து வருகிறேன். பெரம்பூரில் பதினைந்து வருஷமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், தொழில் கற்றது ரிச்சி ஸ்ட்ரீட்டில். இரண்டு வகை போனையும் தினமும் பிரித்து மாட்டுகிறவன். கேமரா, வேகம், கௌரவம், விலை என்று எல்லாவற்றையும் எல்லாரும் எழுதிவிட்டார்கள், ஆனால் என் மேஜைக்கு வருகிறவர்கள் கண் கலங்கி நிற்கிற விஷயத்தை, அதாவது மென்பொருள் ஓட்டைகளை அடைக்க கம்பெனி அனுப்பும் பாதுகாப்பு அப்டேட் ஒரு போனுக்கு எந்தத் தேதி வரை வரும் என்பதை, ஒருவரும் தொடவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

முதலில் அந்தப் பெரும்பான்மை வாதம். இந்தியாவில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு மேல் ஆண்ட்ராய்டுதான் வைத்திருக்கிறார்கள், ஆகவே அதுதான் சிறந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். கணக்கு சரி, முடிவு தப்பு. நான் தொழில் பழகிய காலத்தில் மேஜை நிறைய நோக்கியாதான் கிடக்கும், கொஞ்சம் விலை கூடியது என்றால் அதில் ஆண்ட்ராய்டு மாதிரி சிம்பியான் என்ற மென்பொருள் இருக்கும். அதைத் தாண்டி ஒரு உலகம் வரும் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்த நோக்கியா ஆலையை 2014 நவம்பரில் இழுத்து மூடினார்கள். வரி வழக்கு உட்பட அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் அதற்கு முன்பே மக்கள் கை மாறிவிட்டது. எல்லார் கையிலும் இருந்தது என்பது அதைக் காப்பாற்றவில்லை.

தரம் இருந்தால் போதும் என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். விண்டோஸ் போன் என்று ஒன்று வந்ததே, லூமியா, ஞாபகம் இருக்கிறதா? குறைந்த விலை மாடல் கூட ஹேங் ஆகாமல் ஓடும், நானே இரண்டு வருஷம் வைத்திருந்தேன். ஆப் செய்கிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவும் போய்விட்டது.

அப்புறம் நம்ம ஊர்ப் பெருமை. சுந்தர் பிச்சை அசோக் நகரில் வளர்ந்த பிள்ளை, 2013-ல் ஆண்ட்ராய்டுப் பொறுப்பை ஏற்று 2015-ல் கூகுளுக்கே தலைமை அதிகாரி ஆனவர், ஆகவே ஆண்ட்ராய்டு நம்முடையது என்று ஒரு வாசகர். ஐபோன் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் நம் பெண்பிள்ளைகள் கையால் தயாராகிறது, ஆகவே அதுதான் நம்முடையது என்று இன்னொரு வாசகர். இரண்டு பெருமையும் எனக்கும் உண்டு. ஆனால் வாங்கியவனுக்கு அந்த போன் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதற்கு இதில் பதில் இல்லை.

வியாசர்பாடியிலிருந்து ஒரு அக்கா என் கடைக்கு வருவார், நான்கு வீட்டில் சமையல் வேலை. 2020 லாக்டவுனில் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக ஏழாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு ஆண்ட்ராய்டு போனைத் தவணையில் வாங்கினார். எந்த கம்பெனி என்பது இங்கே வேண்டாம். அந்தப் பெண் அதில்தான் படித்து இப்போது கல்லூரிக்குப் போகிறாள். போனை அக்கா கண்ணாகப் பார்த்துக்கொண்டார், ரப்பர் கவர், கவருக்குள்ளே மடித்து வைத்த இருபது ரூபாய் நோட்டு, சின்னதாக ஒரு முருகன் படம். நான் ஒரு தடவை சார்ஜிங் ஜாக் மாற்றிக் கொடுத்தேன், ஒரு தடவை பேட்டரி, மற்றபடி டிஸ்ப்ளேயில் ஒரு கீறல் கிடையாது. போன வருஷம் ஒரு நாள் காலையில் வந்து அதை மேஜைமேல் வைத்தார். வங்கி ஆப் திறக்கவில்லை. உங்கள் போனில் உள்ள ஆண்ட்ராய்டு பழையது என்று ஒரு வரி, கீழே ஒரு பட்டன், அதை அழுத்தினால் ஆப் மூடிக்கொள்கிறது. மூன்று வீட்டுச் சம்பளம் அந்தக் கணக்கில்தான் விழுகிறது. "போன் நல்லாத்தானே தம்பி இருக்கு, இதுல என்ன ரிப்பேர்?" என்று கேட்டார். செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தேன். ஆண்ட்ராய்டு 8.1. பாதுகாப்பு அப்டேட் கடைசியாக வந்தது 2019 டிசம்பரில். அதாவது அவர் 2020 ஜூலையில் முதல் தவணை கட்டிய அன்றைக்கே, அந்த போனை கம்பெனி கைகழுவி ஏழு மாசம் ஆகியிருந்தது. சீல் பிரிக்காத புதுப் பெட்டியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

கடையில் நிற்கும் பையனுக்கு அது தெரிந்திருக்காது, பெட்டியிலும் எழுதியிருக்காது. அக்காவுக்கு எப்படித் தெரியும்?

இந்த நிலைமை ஏன் வருகிறது என்பதை எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு என்பது ஊர் கூடி இழுக்கும் தேர். கூகுள் புதுப் பதிப்பை வெளியிட வேண்டும், குவால்காம், மீடியாடெக் மாதிரி சிப் செய்கிறவர்கள் அதைத் தங்கள் சிப்புக்கு ஒத்துவரச் செய்ய வேண்டும், போன் கம்பெனி அதற்குமேல் தன் அலங்காரத்தைப் போட்டு ஒவ்வொரு மாடலாகச் சோதித்து அனுப்ப வேண்டும். நடுவில் ஒருவர் வடத்தை விட்டுவிட்டாலும் தேர் அங்கேயே நின்றுவிடும். வேலையைச் சுலபமாக்கத்தான் கூகுள் 2017-ல் ட்ரெபிள் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது, ஓரளவு பலனும் இருந்தது. ஆனால் ஏழாயிரம் ரூபாய் போனில் கம்பெனிக்கு நிற்கும் லாபம் கொஞ்சம், விற்று முடித்த மாடலுக்கு ஆள் போட்டு அப்டேட் எழுத அவர்களுக்கு மனசு வருவதில்லை. ஆப்பிளில் சிப் வடிவமைப்பதும் போனும் மென்பொருளும் ஒரே வீட்டுச் சமையல், எனவே அந்தச் சிக்கல் இல்லை. 2013-ல் வந்த ஐபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியில் கூட ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு மேல்! இந்த ஒரு விஷயத்தில் ஐபோன்காரர்கள் சொல்வதை நான் மறுக்க மாட்டேன்.

இதற்காக ஐபோனே வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த அக்காவிடம் போய் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. அதோடு ஐபோனிலும் மறைத்து வைத்த தேதிகள் உண்டு. பேட்டரி பழசான மாடல்களின் வேகத்தைத் தானே குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில்தான் ஒப்புக்கொண்டது, அதுவும் வெளியே ஆட்கள் சோதித்துக் கண்டுபிடித்த பிறகு. 2021-ல் வந்த ஐபோன் 13-ல் வெளிக்கடையில் டிஸ்ப்ளே மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கும் வசதியே நின்றுபோனது, உலகம் முழுக்கச் சத்தம் கிளம்பிய பிறகு ஒரு அப்டேட்டில் சரிசெய்தார்கள். இன்றைக்கும் கம்பெனி ஒப்புக்கொள்ளாத பாகத்தைப் போட்டால் செட்டிங்ஸில் ஒரு எச்சரிக்கை வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2025 மே மாதம் ஐஓஎஸ் என்ற ஐபோன் மென்பொருளில் 15.1 பதிப்புக்குக் கீழே உள்ள போன்களை வாட்ஸ்அப் கைவிட்டபோது, ஐபோன் 6 வைத்திருந்தவர்கள் அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

கம்பெனி மென்பொருளை எடுத்துவிட்டு, லீனியேஜ் மாதிரி வெளியார் தயாரித்த ஆண்ட்ராய்டை ஏற்றினால் பழைய ஆண்ட்ராய்டும் ஓடுமே என்று விவரம் தெரிந்த தம்பிகள் சிலர் கேட்பார்கள். ஓடும். நானே ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதை ஏற்ற கம்பெனி போட்ட மென்பொருள் பூட்டைத் திறக்க வேண்டும், பூட்டைத் திறந்த போனில் பல வங்கி ஆப்கள் வேலை செய்யாது, எந்த வேலைக்காக ஏற்றினோமோ அதுவே நின்றுவிடும்.

அப்டேட் இல்லாவிட்டால் என்ன, பேசத்தானே போன் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஈ.பி. பில் கட்டவில்லை, இன்றிரவு கரண்ட் கட் ஆகும், இந்த லிங்க்கை அழுத்துங்கள் என்று ஒரு மெசேஜ் வருமே, அதை நம்பி ஒரு ஆப்பை இறக்கிவிட்டு, ஓடிபி எல்லாம் யாருக்கோ போய், கணக்கைத் துடைத்த பிறகு கடைக்கு வருகிறவர்களை நான் பார்க்கிறேன். புதுப் பதிப்பு போட்டால் மட்டும் இது நின்றுவிடாது, ஏமாற்றுகிறவன் வாயாலேயே ஏமாற்றுவான். ஆனாலும் புதிய ஆண்ட்ராய்டுகளில் இப்படி வெளியிலிருந்து ஏற்றும் ஆப்புக்குக் கட்டுப்பாடு அதிகம், பழையதில் கதவு கொஞ்சம் அகலமாகவே திறந்து கிடக்கிறது. அந்தப் பழைய போன் வைத்திருப்பவர்கள் எல்லாம் அக்கா மாதிரி ஆட்கள்தான்.

செய்ய முடியாத காரியமும் இல்லை இது. பிக்சல் 8-க்கு கூகுளும், கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் ஏழு வருஷம் அப்டேட் தருவதாக வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்றன. அதெல்லாம் விலை கூடியது என்பீர்கள், சரி, 2024-ல் இங்கே இருபதாயிரத்துக்குள் வந்த கேலக்ஸி ஏ16 5ஜி-க்கு ஆறு வருஷம் சொன்னார்களே. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், ஒரு போனுக்குக் குறைந்தது எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்பதை கம்பெனி வெளியிட்டே ஆக வேண்டும், சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் இன்னும் ஒரு படி மேலே போய், விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருஷம் அப்டேட், ஏழு வருஷம் உதிரி பாகம் என்று கட்டாயமாக்கிவிட்டது. அதே கம்பெனிகள்தான் இங்கேயும் விற்கின்றன.

நம் ஊரிலும் பெட்டிமேல் விலையும், தயாரித்த மாசமும் வருஷமும் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. *#07# என்று அடித்தால் கதிர்வீச்சு அளவு திரையில் வருகிறது, அதுவும் அரசு சொல்லி வந்ததுதான். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளம் தொடங்கியது, 2024-ல் பழுதுபார்க்க எளிதான பொருளுக்கு மதிப்பெண் போடுவது பற்றி ஒரு குழுவும் அமைத்தது. நல்லது. அதோடு இந்த ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள்: இந்த போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்ன வருஷம் இன்ன மாசம் வரை. மாத்திரை அட்டையில் இருக்கிறது, பால் பாக்கெட்டில் இருக்கிறது. பல மாசச் சேமிப்பைப் போட்டு வாங்கும் பொருளில் ஏன் இல்லை?

அது வரும் வரைக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் போனைக் கையில் கொடுத்ததும் கேமராவைத் திறக்காதீர்கள், செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதிக்குப் போய்ப் பாதுகாப்பு அப்டேட் தேதியைப் பாருங்கள். அது ஒரு வருஷம் பழசு என்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த மாடல் எப்போது வெளிவந்தது, அப்டேட் எத்தனை வருஷத்துக்கு என்று கேளுங்கள், பையனுக்குத் தெரியாவிட்டால் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பத்து பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவர்களே சொல்வார்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன் ஐயா. தீபாவளி நெருங்கும்போது உங்கள் பத்திரிகையில் முழுப் பக்கத்துக்கு போன் விளம்பரம் வரும், மெகாபிக்சல் எண் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். இந்த வருஷம் விளம்பரம் கொடுக்க வருகிற ஒவ்வொரு கம்பெனியிடமும் அந்தத் தேதியைக் கேளுங்கள். கொடுத்தால் விளம்பரத்தின் கீழே ஒரு வரியாகப் போடுங்கள், கொடுக்காவிட்டால் கொடுக்கவில்லை என்று போடுங்கள்.

இப்படிக்கு,
செல்போன் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை-11