கடலட்டையும் நமக்குச் சொந்தம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் அறிவியல் பக்கத்தில், சொறிமுட்டை (ஜெலிமீன்) புழுவாகி, புழு மீனாகி, உயிர்கள் ஒரே வரிசையில் முன்னேறியதாகப் படம் போட்டிருந்தீர்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் அதை வெட்டி வைத்திருப்பார்களே என்றுதான் இதை எழுதுகிறேன். இன்றைய சொறிமுட்டை நமக்குப் பாட்டன் அல்ல. வெகுகாலத்துக்கு முன் தனியே பிரிந்த பங்காளி.

நல்ல சான்று வன்னிக் கரையிலேயே கிடக்கிறது. கடலட்டையைக் கீறிக் குடலை எடுப்பவர்கள் கவனித்திருப்பார்கள்: உட்சுவரில் வாயிலிருந்து மலவாய்வரை ஐந்து தசைப்பட்டிகள் நீளவாக்கில் ஓடும். நட்சத்திர மீனின் ஐந்து கைகளும் இதே கணக்குத்தான். ஆனால் இரண்டின் குடம்பிகளும் (முட்டையிலிருந்து வரும் இளம் பருவம்) நம்மைப் போல இடம், வலம் என இருபக்கச் சமச்சீர் உடையவை. ஐந்தின் ஒழுங்கு பிறகுதான் வருகிறது. முளையத்தில் முதலில் உண்டாகும் துளை மலவாய்ப் பக்கமாக அமைவதும், வாய் பின்னர் திறப்பதும் அவற்றுக்கும் நமக்கும் பொது. ஆகவே, வேறு கிளையில் போன இறாலைவிடக் கடலட்டையே நமக்கு நெருக்கம். (ஏற்றுமதி விலையைக் கேட்டால் உறவு கொண்டாடத் துணிவு வராது.)

சுமார் 539 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், கேம்பிரியன் காலத்தில், எல்லா விலங்குகளும் திடீரென முளைத்தன என்று பலர் சொல்வதும் சரியல்ல. ரஷ்யாவின் வெண்கடல் பகுதியில் கிடைத்த டிக்கின்சோனியா என்ற தட்டையான பழங்கால உயிரின் கற்சுவட்டின் வயது சுமார் 558 மில்லியன் ஆண்டுகள். அதில் கொலஸ்திரோல் எச்சம் இருப்பதை 2018இல் கண்டறிந்தார்கள். விலங்கு என்பதற்கு அது வலுவான அடையாளம்.

விலங்குகளின் மரத்தில் முதலில் பிரிந்த கிளை கடற்பஞ்சா, சீப்புச் சொறியா (சொறிமுட்டை போலத் தோன்றும் வேறொரு கடலுயிர்) என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. அதையும் ஒரு வாரம் எழுதுங்கள்.

வாசகர்,
பூநகரி