சரிவில் போடும் பாரும் அணையில் சேரும் சேறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குந்தா, பில்லூர் அணைகளில் படிந்துள்ள சேற்றை அகற்றுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். சேற்றை எந்த வழியாக எடுத்துச் செல்வது, எங்கே கொட்டுவது என்பதையெல்லாம் விரிவாக எழுதியிருந்த கட்டுரையாளர், அது எங்கிருந்து வருகிறது என்ற இடத்தில் மட்டும் ‘மலைச்சரிவுகளில் நடைபெறும் முறையற்ற விவசாயம்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். எமரால்டு நீர்த்தேக்கத்துக்கு மேலே இரண்டரை ஏக்கரில் உருளைக்கிழங்கும் காரட்டும் பயிரிட்டு வருபவன் என்ற முறையில், அந்த ஒரு வரியைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

நீலகிரியில் கார்போக உருளைக்கிழங்கை ஏப்ரல், மே மாதங்களில் நடுகிறோம். நடுவதற்காக மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்குகிறோம். தென்மேற்குப் பருவமழை இறங்கும் ஜூன், ஜூலையில் களை கொத்தி மண் அணைக்கிறோம். ஆகஸ்டு, செப்டம்பரில் கிழங்கெடுக்க நிலம் முழுவதையும் மறுபடி புரட்டுகிறோம். ஆக, மழை வலுக்கும் நேரமும் மண் இளகிக் கிடக்கும் நேரமும் ஆண்டுதோறும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. செடி படர்ந்து தரையை மூடும்வரை ஒவ்வொரு மழைத்துளியும் நேராக மண்ணில் அடித்து அதைத் தெறிக்கவைக்கிறது. தெறித்த மண்ணை வாய்க்கால் நீர் அள்ளிக்கொண்டு போகிறது.

அந்த வாய்க்காலைச் சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாக இழுப்பது இங்குள்ள பலரின் வழக்கம். சரிவுக்குக் குறுக்கே பார், அதாவது வாய்க்கால்களுக்கு நடுவே கிழங்கு நடும் மண்மேடு, போடுங்கள் என்று எங்களுக்குச் சொல்லாத அதிகாரி இல்லை. குறுக்கே போட்டால் மண் நிற்கும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் நீரும் நிற்கும். நான்கு நாள் நீர் நின்றால் கிழங்கு அழுகும். விதைக்கிழங்குக்கு வாங்கிய கடன் மட்டும் மிஞ்சும். ஒருமுறை சோதித்துப் பார்க்கலாமென்று பாதி நிலத்தில் குறுக்கே பார் போட்டேன். ஒன்றரை மாதம் மண் அசையவில்லை. பிறகு ஓர் இரவு பெய்த மழையில் மேலே இருந்த ஒரு பார் நிரம்பி உடைந்தது. அந்த நீர் அடுத்த பாரையும் அதற்கடுத்ததையும் உடைத்துக்கொண்டு இறங்கி, காலையில் நான் போய்ப் பார்த்தபோது நிலத்தின் நடுவே முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. சரிவின் போக்கில் போட்ட மறுபாதியில் பள்ளம் எதுவும் இல்லை. ஆனால் அங்கே மேல்மண் போய், வெளியே தெரிந்த கிழங்குகள் சில நாளில் வெயில் பட்டுப் பச்சையாகிவிட்டன. பச்சைக் கிழங்கை மண்டியில் யாரும் எடுப்பதில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கான வழி தெரியாமலும் இல்லை. உதகமண்டலத்தில் மண், நீர்ப் பாதுகாப்புக்கென்று 1954ஆம் ஆண்டு முதல் மத்திய ஆராய்ச்சி மையம் ஒன்று இயங்கி வருகிறது. நூறு அடி நீளத்துக்குப் பதினாறு முதல் முப்பத்துமூன்று அடி வரை இறங்கும் சரிவுகளில் நிலத்தைப் படிப்படியாக வெட்ட வேண்டும், எங்களைப் போன்ற மழை மிகுந்த இடங்களில் ஒவ்வொரு படியும் மலையை நோக்கி, அதாவது உட்பக்கமாக, லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் முறைதான். நீர் படியின் உள்விளிம்புக்கு வந்து, அங்குள்ள வாய்க்காலில் மெதுவாக நடந்து, பக்கவாட்டில் புல் பிடித்த அல்லது கல் பதித்த வடிகாலில் இறங்கும்; கிழங்கும் அழுகாது, மண்ணும் போகாது. 1970களின் நடுவில் தொடங்கிய மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்தின் காலத்திலிருந்து இப்படிப் படி வெட்ட மானியமும் கிடைத்துவந்திருக்கிறது.

சிக்கல் அந்தப் பக்கவாட்டு வடிகாலில்தான் இருக்கிறது. மானியம் தனித்தனிப் பட்டாவுக்கு வருகிறது. நீரோ பட்டா பார்த்து ஓடுவதில்லை. என் நிலத்தின் எட்டுப் படிகளிலும் சேரும் நீரை ஒரே இடத்தில் இறக்கிவிட்டால் அது கீழே இருக்கும் பங்காளியின் நிலத்தைக் குடைந்துவிடும் என்பதால், அவர் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆகவே படி வெட்டியவர்களும் வடிகால் இல்லாமல், நீர் தேங்குகிறதே என்று படியின் வெளிவிளிம்பை உடைத்துவிடுகிறார்கள். சில ஆண்டுகளில் படி கரைந்து மீண்டும் சரிவாகிவிடுகிறது. இதோடு குத்தகை வேறு. ஒரு போகத்துக்கோ இரண்டு போகத்துக்கோ நிலம் எடுப்பவரிடம் கல் கட்டச் சொன்னால் அவர் ஏன் கட்டப்போகிறார்?

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கும் மேல் கொட்டியதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அப்படிப்பட்ட மழையில் நிலம் சரிவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் அதைவிட அஞ்சுவது கண்ணுக்குத் தெரியாமல் போகும் மண்ணைத்தான். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மண் போனாலும் அது நான்கைந்து டன். ஒரு லாரி லோடுக்குக் குறையாது. ஒவ்வோர் ஆண்டும் தை மாதத்தில் கீழ்வேலியோரம் சேர்ந்திருக்கும் மண்ணைக் கூடையில் அள்ளி, ஆறு பெண்கள் நான்கு நாள் தலைச்சுமையாக மேலே கொண்டுபோய்ப் போடுகிறார்கள். அது வேலியில் தங்கியது மட்டுமே. தங்காதது ஓடையில் இறங்கி எமரால்டுக்குப் போய்விட்டது. அதில் நான் விலை கொடுத்து வாங்கிப் போட்ட தொழுவுரமும் இருக்கிறது. இயற்கை உரமா, ரசாயன உரமா என்ற விவாதமெல்லாம் அது நிலத்தில் நின்றால்தானே.

காய்கறியை விட்டுத் தேயிலைக்குப் போகலாமே என்பார்கள். வளர்ந்து நிலத்தை மூடிய தேயிலை மண்ணை நன்றாகவே காக்கும், கவாத்தில் வெட்டிய கிளைகளையும் இலைகளையும் அங்கேயே போட்டுவைத்தால் இன்னும் நன்றாக. ஆனால் நட்ட முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் அதுவும் வெறும் தரைதான். 1990களின் இறுதியில் பசுந்தேயிலை விலை விழுந்தபோது செடியைப் பிடுங்கிவிட்டுக் காரட் போட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தியாவின் மண்ணரிப்பைப் பற்றி 1983ஆம் ஆண்டில் வெளியான, இன்றும் மேற்கோள் காட்டப்படும் மதிப்பீடு, ஆண்டுக்கு ஏறத்தாழ 533 கோடி டன் மண் இடம்பெயர்கிறது என்றும் அதில் பத்தில் ஒரு பங்கு அணைகளில் தங்குகிறது என்றும் கூறுகிறது. அணையில் தங்கியதை எடுக்க ஒதுக்கப்படும் தொகையில் ஒரு பகுதியை, பட்டா வாரியாக அல்லாமல் ஓடை வாரியாக, பல நிலங்களுக்குப் பொதுவான கல் வடிகால்கள் அமைப்பதற்கு ஒதுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. எங்கள் ஓடைக்கு நீர் இறக்குபவர்கள் ஏழு குடும்பங்கள். சாலையோரக் கல்வெர்ட்டிலிருந்து ஓடை வரை ஏறத்தாழ இருநூறு மீட்டர் வடிகால் போதும். இடம் விட ஏழு பேரும் வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். ஏப்ரல் நடவுக்கு முன் யாராவது வந்து அளந்து பார்த்தால் நல்லது.

இப்படிக்கு,
சிறு விவசாயி ஒருவர்,
குந்தா வட்டம், நீலகிரி மாவட்டம்.