அம்மாவின் வளவும் 2014ஆம் ஆண்டுச் சட்டமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் யாழ்ப்பாணத்துக் காணி விலை பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். விலை ஏறியதால் ஊரில் இருக்கும் இளம் குடும்பங்கள் படும் பாட்டைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் நடுவிலே, வெளிநாட்டுக் கடவுச்சீட்டை எடுத்தவர்கள் இனி இந்த மண்ணில் காணி கேட்கக்கூடாது, அது இங்கே இருக்கிற பிள்ளைகளின் வாயில் மண் போடுகிற வேலை என்றும் எழுதிவிட்டார். வேறு எந்தப் பத்திரிகையில் வந்திருந்தாலும் கடந்துபோயிருப்பேன். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை நாட்களில், கிடைத்த தாளில் அச்சடித்து எங்கள் வீட்டுப் படலை வரைக்கும் வந்த பத்திரிகை உங்களுடையது. அப்பா வாசித்து முடித்த பிறகு அயலில் இருந்த எல்லா வீடுகளுக்கும் அது போகும். அந்தப் பத்திரிகை என்னைப் பார்த்து இப்படிச் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை.

உங்களுக்குத் தெரியாத சட்டம் இல்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுப் பிரஜைகளுக்குக் காணி எழுதுவதைத் தடுத்தது, அதுவும் 2013 ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து முன்தேதியிட்டு. அதற்கு முன்னரும் 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டவர் காணி வாங்கினால் அதன் பெறுமதிக்குச் சமமான தொகையை வரியாகவே கட்ட வேண்டியிருந்தது. அப்படியிருக்க, கனடாப் பிரஜையான நான் என் பெயரில் ஊரில் காணி வாங்கி விலையை ஏற்றினேன் என்று எப்படிச் சொல்லலாம்? வாங்குகிறவர்கள் இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தவர்கள், அல்லது ஊரில் உள்ள உறவினரின் பெயரில் எழுதுவிக்கிறவர்கள். வாங்கிய காணிக்கு மதில் கட்டிப் பூட்டிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி எழுதுங்கள், நானும் உங்களோடு நிற்கிறேன். எங்கள் ஒழுங்கையிலேயே அப்படி வீடுகள் இருக்கின்றன, கிணறு தூர்ந்து, முற்றத்தில் புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து. அந்தக் கோபத்தை எல்லோர் தலையிலும் கட்டுவதுதான் நியாயமில்லை.

என் கதையைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்து அளவெட்டியில் அம்மாவின் சீதன வளவு, எங்கள் ஊர்க் காணி அளவில் ஆறு பரப்பு. அம்மாவுக்குப் பிறகு அது எனக்கும் தங்கைக்கும் பிரிபடாத பங்காக வந்தது. நாங்கள் அதைப் பிரிக்க நினைக்கவேயில்லை. தங்கைதான் அங்கே இருக்கிறாள். அவளுடைய கணவர் காலமாகிவிட்டார், மகனின் படிப்புக்குக் காசு வேண்டும், தன் பங்கை விற்கப் போகிறேன் என்றாள். விற்பதானால் எனக்கே விற்கட்டும், வளவு வெளியே போகாமல் இருக்கும், அவளும் அதே வீட்டில் கடைசி வரை இருக்கலாம் என்று நினைத்தேன். இதில் யாருக்கு என்ன நட்டம்?

காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஐயா எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமானவர், பொறுமையாக விளக்கினார். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி தங்கை தன் பங்கை விற்க வெளிக்கிட்டால் பங்காளியான எனக்கு அதை முதலில் அறிவிக்க வேண்டும். முன்கொள்வனவு உரிமை என்று அதற்கு 1947இல் தனியாகச் சட்டமே இருக்கிறது. அறிவித்தல் கொடுக்காமல் வெளியாருக்கு விற்றால் நான் நீதிமன்றம் போகலாம். ஆனால் அறிவித்தலைப் பெற்ற பிறகு நான் வாங்க முடியாது, ஏனென்றால் நான் வெளிநாட்டவள். ஒரு சட்டம் முதலில் உன்னிடம்தான் கேட்க வேண்டும் என்கிறது, மற்றச் சட்டம் உன்னிடம் விற்கவே கூடாது என்கிறது. அம்மாவின் பங்கு முதிசமாக எனக்கு வந்ததற்குத் தடை இல்லை. பக்கத்தில் இருக்கும் தங்கையின் பங்கைக் காசு கொடுத்து வாங்கத்தான் தடை. கொழும்பில் தொடர்மாடி வீடு வாங்குவதென்றால், முழுப் பணமும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்தால் போதும், அதற்குச் சட்டம் இடம் விட்டிருக்கிறது. கடற்கரையில் 99 வருடக் குத்தகை எடுத்து விடுதி கட்ட வருகிற வெளிநாட்டுக் கம்பனிக்கும் இடம் இருக்கிறது. நான் பிறந்த வளவுக்கு இல்லை.

இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்கலாமே என்று கட்டுரையாளர் கேட்கக்கூடும். 1987இல் இருந்தே அந்த வழி இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் 2011இல் அதை நிறுத்தி 2015இல்தான் திரும்பத் திறந்தார்கள். காணித் தடை வந்தது அந்த இடைவெளியில். அதாவது ஏற்கெனவே இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்காதவர்களுக்கு அந்த வருடங்களில் இரண்டு கதவும் பூட்டு. இப்போது எடுப்பதற்கு உள்ள வழிகளில் ஒன்று, இலங்கையில் 25 இலட்சம் ரூபா பெறுமதியான அசையாச் சொத்து வைத்திருப்பது. காணி வாங்கப் பிரஜாவுரிமை வேண்டும், பிரஜாவுரிமைக்குக் காணி காட்டலாம். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு வேறு வழி உண்டு, நான் அதில்தான் விண்ணப்பித்தேன். என் பிறப்புப் பதிவில் பெயர் ஒரு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது, கடவுச்சீட்டில் வேறு எழுத்துக்கூட்டலில் கணவரின் பெயரோடு இருக்கிறது. 1995இல் வலிகாமத்தை விட்டு ஓடியபோது எந்தப் பத்திரத்தைக் கையில் எடுத்தோம், எது வீட்டோடு போனது என்று யாருக்குத் தெரியும்? அலுவலகத்தில் இருந்தவர் கோப்பைத் தள்ளிவிட்டு, இரண்டும் ஒரே ஆள் என்று எப்படி நம்புவது என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன். இன்னும் ஓடித் திரிகிறேன், தங்கையால் காத்திருக்க முடியவில்லை.

இங்கே கனடாவில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணை அலைச்சல் வேண்டாம் என்று மச்சானின் பெயரில் ஊரில் காணி வாங்கினார். மச்சான் அதை வங்கியில் ஈடு வைத்துக் கடன் எடுத்தார். காணி உறுதி மச்சானின் பெயரில், காசு அனுப்பிய பற்றுச்சீட்டு அண்ணையின் கையில். இப்போது இரண்டு குடும்பமும் ஒருவர் வீட்டுச் செத்தவீட்டுக்கு மற்றவர் போவதில்லை. இந்தச் சட்டம் எத்தனை வீடுகளில் இப்படிப் பகை மூட்டியிருக்கிறது என்று உங்கள் நிருபர் ஒருவர் விசாரித்து எழுதினால் ஊர் தெரிந்துகொள்ளும்.

கனடாவில் மட்டும் வெளிநாட்டவருக்குக் காணி கொடுக்கிறார்களா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சரி, பார்ப்போம். 2023 ஜனவரி 1இலிருந்து கனடாவும் வெளிநாட்டவர் குடியிருப்பு வீடு வாங்குவதைத் தடைசெய்திருக்கிறது, 2027 ஜனவரி வரை அதை நீடித்தும் இருக்கிறது. ஒன்ராறியோவில் வெளிநாட்டவருக்கு 25 வீத வரியும் உண்டு. ஆனால் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை, அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் இல்லை. நானும் கணவரும் குடியுரிமை எடுக்க முதலே ஸ்காபரோவில் வீடு வாங்கினோம். நாங்கள் வேலைசெய்கிறோமா, கடனைக் கட்டுவோமா என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். பிறந்த மண்ணில் பிறப்புப் பத்திரம் காட்டியும் முடியாதது, வந்து சேர்ந்த மண்ணில் வதிவிட அட்டையோடு முடிந்தது. இது எனக்குப் பெருமை இல்லை, நெஞ்சுக்குள் கிடக்கிற வலி.

எழுதத் தொடங்கிய பிறகு பழையதும் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண், தன் சொந்தச் சீதனக் காணியை விற்கவும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. கணவன் தன் காணியை விற்க மனைவியிடம் கேட்கத் தேவையில்லை. என் சித்தி, கணவர் விட்டுவிட்டுப் போய் எங்கே இருக்கிறார் என்றே தெரியாத நிலையில், தன் காணியை விற்க முடியாமல் கடனோடு செத்துப்போனார். அதைப் பற்றி யாரும் ஞாயிறு இதழில் பக்கம் பக்கமாக எழுதவில்லை.

அப்புறம் ஆட்சியுரிமை. பத்து வருடம் ஒருவர் தடையில்லாமல் காணியில் இருந்தால் அவர் உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டிலிருந்து உள்ள சட்டம். போரினால் ஓடியவர்கள் அந்தப் பத்து வருடத்தில் எப்படி வந்து தடுப்பது? அதற்காக 2016இல் விசேட சட்டம் கொண்டுவந்தார்கள், 1983 மே தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடத்தில் சேர்க்காமல் விட. நல்ல சட்டம். வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் கொடுத்தார்கள். எங்கள் உறவினரில் பலருக்கு அப்படி ஒரு சட்டம் வந்ததே அவகாசம் முடிந்த பிறகுதான் தெரியும். பிறகு 2025 மார்ச் 28ஆம் திகதி அரசாங்கத்தின் வர்த்தமானி அறிவித்தல் வந்தது. வடக்கில் 5,940 ஏக்கர், மூன்று மாதத்துக்குள் உரிமையை நிரூபிக்காவிட்டால் அரச காணி. உயர் நீதிமன்றம் ஜூன் மாதத்தில் இடைக்காலத் தடை கொடுத்திருக்காவிட்டால் என்ன நடந்திருக்கும்? உறுதி தொலைந்தவர்கள், முகாமில் செத்தவர்களின் பிள்ளைகள், ஒஸ்லோவிலும் பாரிஸிலும் வேலைக்குப் போய்க்கொண்டு இருப்பவர்கள் மூன்று மாதத்தில் வந்து எதைக் காட்டுவது? அரசாங்கம் எங்களிடம் காணியை நிரூபி என்றது. உங்கள் கட்டுரையாளர் காணி கேட்காதே என்கிறார். நாங்கள் யாரிடம் போவது?

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. என் வேண்டுகோள் சிறியது. காணி சம்பந்தமான வர்த்தமானி அறிவித்தல் வரும்போதெல்லாம் அதை உள்பக்கத்துச் சட்ட அறிவித்தல்களோடு சிறிய எழுத்தில் போடாமல், எந்தக் கிராமம், எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, கடைசித் திகதி என்ன என்று விளங்கும் தமிழில் முன்பக்கத்தில் போடுங்கள். இணையப் பதிப்பிலும் அது கடைசித் திகதி வரை இருக்கட்டும். அதோடு மாதம் ஒரு தடவையாவது ஒரு நொத்தாரிசையோ சட்டத்தரணியையோ கொண்டு வாசகரின் காணிக் கேள்விகளுக்குப் பதில் எழுதுவியுங்கள். முதல் கேள்வியாக என்னுடையதையே எடுத்துக்கொள்ளலாம்: தேசவழமைப்படி முன்கொள்வனவு உரிமையுள்ள பங்காளி வெளிநாட்டுப் பிரஜையாக இருந்தால், இரட்டைப் பிரஜாவுரிமை கிடைக்கும் வரை விற்பனையை நிறுத்திவைக்க ஏதாவது வழி இருக்கிறதா? தங்கையின் காணிக்கு விலை பேசிவிட்டுப் போனவர் தைப்பொங்கல் வரைதான் தவணை கொடுத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகி,
ஸ்காபரோ, ஒன்ராறியோ