கண்ணாடி உருண்டை சரி, தரை?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

அருங்காட்சியகங்களுக்குள் சமகால நடனமும் இரவு விடுதிகளின் கிளப் இசையும் புகுந்துவிட்டதைக் கொண்டாடி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் வெளிச்சம் உண்டு, இசை உண்டு, கூட்டம் உண்டு. தரை மட்டும் இல்லை. நான் ஆடுகிறவள்; எங்கே போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பேன்.

நல்ல நடன மேடையின் பலகைக்கு அடியில் மரச்சட்டமோ ரப்பரோ இருக்கும். குதித்து இறங்கினால் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். கான்கிரீட் எதையும் வாங்கிக்கொள்ளாது. அத்தனை அடியும் முழங்காலுக்கு. ஓர் அருங்காட்சியகத்தில் (பெயர் வேண்டாம்) மூன்று வாரம், தினமும் நான்கு மணி நேரம் ஆடினோம். ஆடுதளம் விரித்துத் தரச் சொன்னோம். கூடத்தின் அழகு கெட்டுவிடும் என்றார்கள். உடை மாற்றக் கிடங்கில் ஒரு மூலை கிடைத்தது. அங்கே ஓவியப் பெட்டிகள் ஒவ்வொன்றின் அடியிலும் நுரைப்பஞ்சு வைத்திருந்தார்கள்! இரண்டாம் வாரமே என் இடது முழங்கால் வீங்கிவிட்டது.

‘கிளப் அனுபவம்’ என்று விளம்பரம் வேறு. கண்ணாடிப் பேழைகள் அதிர்கின்றன என்று நெஞ்சில் இடிக்கும் பாஸ் ஒலியைக் குறைத்தார்கள். காவலர்கள் பார்க்க வேண்டும் என்று விளக்கை அணைக்கவில்லை. பெர்லின் கிளப்கள் சிலவற்றில் வாசலிலேயே போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். யாரும் படமெடுக்க மாட்டார்கள் என்பதால்தான் அங்கே கூச்சமில்லாமல் ஆட முடிகிறது. எங்கள் முகத்துக்கு நேரே நாள் முழுக்கப் போன்கள்.

அருங்காட்சியகத்தில் ஆடுவதற்கு நான் எதிரி இல்லை. 2015இல் பிரெஞ்சு நடன இயக்குநர் போரிஸ் ஷர்மாட்ஸ் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் 90 நடனக் கலைஞர்களை இறக்கி, பார்க்க வந்தவர்களையும் டிஸ்கோக்களில் தொங்கும் கண்ணாடி உருண்டைக்குக் கீழே ஆடவிட்டார். அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸில் ஒரு கலைக்கூடத்தில் பெல்ஜிய நடன இயக்குநர் ஆன் தெரேசா டி கீர்ஸ்மேக்கர் ஒரு மணி நேர மேடைப் படைப்பை ஒன்பது மணி நேரமாக விரித்து, ஒன்பது வாரம் காட்சிக்கு வைத்தார். மூச்சிரைப்பு காதில் விழும் தூரத்தில் ஆடுவது தனி சுகம். ஒரு நாள் ஒரு சிறுமி என் நிழலை மிதித்துக்கொண்டே கூடம் முழுக்கத் தொடர்ந்து வந்தாள். மேடையில் அது நடக்குமா?

சரி, 1960களின் நடனங்களைக்கூட நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமான மோமா தன் சேகரிப்பில் சேர்த்துக்கொள்கிறது. அப்படியானால் ஆடும் உடம்புக்கும் ஓவியத்துக்குப் போடுவதுபோல ஒப்பந்தம் போடட்டும்: என்ன தரை, எத்தனை நிமிடத்துக்கு ஓய்வு, எங்கே உட்கார இடம்.

அடுத்த முறை உங்கள் நிருபர் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் இருபது தடவை குதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் எழுதட்டும்.

இப்படிக்கு,
46 வயதிலும் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு வாசகி